சாக்குக் கொங்காணி

கம்பளித் துணியை மழைக்காலத்தில் தகரக் கொட்டகைக்குள் அடைத்து வைத்தால் என்ன நாற்றம் வரும் என்பது, புதுச்சேரியில் எங்கள் தையல் கம்பெனியில் வேலை பார்த்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. நனைந்த ஆட்டுப் பட்டியும் பழைய எண்ணெய்ச் சட்டியும் சேர்ந்த நாற்றம் அது. சேலையில் ஏறினால் இரண்டு முறை அலசினாலும் போகாது. உப்பளம் பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆட்டுக்குட்டி வந்துட்டுது" என்பாள். அவளுக்கு அப்போது நாலு வயது.

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைப்பேன். மகள் அடுத்தடுத்துத் தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், பிறகு கழுத்தை, பிறகு பாதத்தை. என் கணவர் நேர்மாறு. வாசலில் பாம்பு போனால் கூட "அது வேலைய அது பாக்குது" என்று விலகி நின்று வழிவிடுகிற ஆள். நான் பயப்படுவேன், அவர் சிரிப்பார் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை நம்பித்தான் நான் அவ்வளவு தாராளமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

கம்பெனி கருவடிக்குப்பத்தில் இருந்தது. நாடகக் குழுக்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும், பழங்கால வேடம் போட்டுத் திருவிழா நடத்துகிற ஐரோப்பியர்களுக்கும் உடை தைத்து அனுப்புவோம். ஆர்டர் பெரும்பாலும் பிரெஞ்சில் வரும். கல்லூரியில் பிரெஞ்சு படித்த புண்ணியத்தில், அதை வாசித்து, விவரம் தேடி, கட்டிங் மாஸ்டருக்குத் தமிழில் சொல்வது என் வேலை. என் கணவர் சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி வைத்திருந்தார். கம்பெனிக்கு வருகிற சரக்கையும் போகிற சரக்கையும் அவர்தான் ஏற்றி இறக்குவார். தவளக்குப்பத்துக்கு அப்பால் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம் அவருடையது. டவுனுக்கு வந்து இத்தனை வருஷமாகியும், வெளியே கிளம்பும்போது வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

அந்த ஐப்பசியில் வந்த ஆர்டர் முக்காடு வைத்த அங்கிகள். ரோமாபுரி பாதி உலகத்தை ஆண்ட காலத்தில், அதன் தூரத்து மாகாணங்களில் சாதாரண சனங்கள் மழைக்கும் குளிருக்கும் போட்டுக்கொண்டது. முக்காட்டுக்கு பிரெஞ்சில் கப்யுஷோன் என்று பெயர். லத்தீனில் குக்குல்லுஸ். இன்றைய பிரான்ஸ் பக்கத்தில் இடுப்பு வரை தொங்கும் குட்டை அங்கி, பிரிட்டன் பக்கத்தில் முழங்காலுக்கும் கீழே இறங்கும் நீள அங்கி, இரண்டிலும் தலைக்கு மேல் ஒரு கூர்முனை. தைப்பது பெரிய வித்தையில்லை. தகராறெல்லாம் துணியில்தான். சாயம் கூடாது, ஆடு எந்த நிறமோ அந்த நிறம், பழுப்போ சாம்பலோ கறுப்போ. மெஷினில் நெய்தது கூடாது. முக்கியமாக, கம்பளி கொழுப்பு நீக்காததாக இருக்க வேண்டும்.

ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே ஒரு பிசுக்கு உண்டு. நாம் வாங்குகிற ஸ்வெட்டர் கம்பளியில் அதைக் கழுவி எடுத்துவிடுவார்கள். அந்தக் காலத்து வடக்கு மாகாணங்களில் பாதியை விட்டுவைத்தே நெய்தார்களாம். அந்தப் பிசுக்கின் மேல் மழைத்துளி நிற்காமல் உருண்டு ஓடிவிடும். கப்பல்காரர்களும் வண்டிக்காரர்களும் இன்னும் முரடாக வெள்ளாட்டு மயிரில் நெய்ததைப் போட்டிருக்கிறார்கள். தோலில் தைத்ததும் உண்டு. எகிப்து மணலில் குழந்தைகளின் சின்னஞ்சிறு முக்காட்டுச் சட்டைகள் மென்மையான கம்பளியில் கிடைத்திருக்கின்றன. இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்தேன். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற அரிக்கமேட்டுக்குக் கப்பல் விட்டு நம் ஊர்ப் பருத்தியை ஆசையாக அள்ளிக்கொண்டு போன ரோமாபுரிக்காரர்கள், மழை வந்ததும் ஆட்டு மயிருக்குள்தான் ஒளிந்திருக்கிறார்கள் என்று மாஸ்டரிடம் சொன்னேன். அவர் சரக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது துணியாம்மா, ஆடாம்மா? ஊசி போட்டா கத்தும் போல இருக்குது" என்றார்.

சரக்கு கர்நாடகப் பக்கத்து மேய்ப்பர்கள் நெய்தது. சுருள் சுருளாகச் சணல் சாக்கில் வைத்துத் தைத்து வந்தது. துணியை உருவிக்கொண்டு, காலிச் சாக்குகளைக் கொட்டகைக்குப் பின்னால் வேலியோரம் வீசிவிடுவோம். அங்கே இடுப்பு உயரத்துக்குப் புதர் மண்டிக் கிடந்தது.

முக்காட்டை எப்படி வெட்டுவது என்று மாஸ்டருக்குப் பிடிபடவில்லை. நான் போனில் அந்தக் காலத்துக் கற்சிலை ஒன்றின் படத்தைக் காட்டிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் கணவர் மூட்டை இறக்க வந்தார். வெளியே மழை. தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தவர், "இதுக்கா இம்மாம் பேச்சு? இது நம்ம கொங்காணிதான?" என்றார். அப்போதுதான் காலியான ஒரு சாக்கை எடுத்து உதறினார். அதன் அடி மூலைகளில் ஒன்றை இன்னொன்றுக்குள் திணித்தார். கூம்பு போல ஒன்று வந்தது. அதைத் தலையில் மாட்டிக்கொண்டதும் மீதிச் சாக்கு முதுகை மூடி இடுப்பு வரை இறங்கியது. மழையில் நடவுக்குப் போகிறவர்கள், மாடு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவர் ஊரில் போடுவது. நான் போனைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். கல்லில் செதுக்கிய அந்த மாகாணத்து ஆள் உயிரோடு வந்து நின்றது போல இருந்தது. பெண்களெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மாஸ்டர் அவர் தலையிலேயே டேப் பிடித்து அளவெடுத்தார்.

அன்று முதல் அந்த மழை முழுக்க அவருக்கு அதே வேலை. வேலியோரத்துப் புதரிலிருந்து ஒரு சாக்கை உருவுவார், உதறுவார், கொங்காணி போட்டுக்கொண்டு வண்டிக்குத் தார்ப்பாய் கட்டுவார். "ரெயின்கோட்டு இருக்குதே, அத போட்டா இன்னா?" என்றால், "அதுக்குள்ள போனா இட்லி மாதிரி வெந்து போவுது" என்பார்.

கார்த்திகை பிறந்த சமயம். ஒரு காலையில் அவர் குளித்துவிட்டுத் துண்டோடு நின்று சட்டை தேடிக்கொண்டிருந்தார். பின்கழுத்தில், முடி முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, கறுப்பாக ஒன்று தெரிந்தது. சிகரெட் நெருப்பு வைத்தது போல நடுவில் கருகி, சுற்றிலும் சிவந்து, பக்கத்தில் லேசாக வீங்கியிருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இன்னாது?" என்று கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். "இல்லியே. சாக்கு உராசியிருக்கும்."

வலிக்குது என்று சொல்லியிருந்தால் நான் மஞ்சள் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். வலிக்கவில்லை என்று சொன்னதும்தான் பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் கம்பளியைப் பற்றித் தேடிய இடத்தில் நான் வேறொன்றையும் படித்து வைத்திருந்தேன். ஐரோப்பாவில் முன்பு ஆலைகளில் கழுவாத ரோமத்தைப் பிரித்து அடுக்குகிறவர்களுக்கு ஒரு வியாதி வருமாம். செத்த ஆட்டின் மயிரில் கிருமி வருஷக்கணக்காக உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தோலில் பட்டால் புண் வரும். புண் கறுப்பாகும். வலிக்காது. சிலருக்குக் காய்ச்சல் வந்து, சில நாளில் ஆள் இருக்க மாட்டார். அதற்குத் தமிழில் பெயர் அடைப்பான். மாடுகளுக்கு வருவது, மனிதனையும் விடாது என்று போட்டிருந்தது. படித்த அன்று எனக்கு அது வெறும் செய்தி. இப்போது அது என் வீட்டில் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த வார்த்தையை நான் அவரிடம் சொல்லவில்லை. சிரிப்பார் என்பதற்காக இல்லை. சிரிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்காக. "டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாங்க" என்று மட்டும் சொன்னேன். "சாக்கு உராசினதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? உன் பயத்துக்கு ஒரு அளவே இல்ல" என்றார். வழக்கமான பதில். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் அப்போது கவனித்தேன், சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

கம்பெனியில் எனக்கு வேலை ஓடவில்லை. மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை வெறுங்கையோடு தைக்கிற பெண்களைப் பார்க்கவே முடியவில்லை. முதலாளியம்மாவிடம் போய், துணியில் அலர்ஜி இருக்கிறது, எல்லாருக்கும் கையுறை வேண்டும் என்றேன். நல்ல மனுஷி, மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தார். குளியலறையில் என் கையை, கழுத்தை, காதுக்குப் பின்னால் கண்ணாடி பிடித்துப் பார்ப்பேன். மகளுக்குத் தலை வாரும் சாக்கில் அவள் பிடரியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பேன். "அம்மா, பேன் இல்லம்மா" என்று அவள் நெளிவாள். மச்சத்தைக் கூட ஒரு நாள் அதுதானோ என்று சுரண்டிப் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் அவர் மாறினார்.

முதலில் தட்டு. கல்யாணமான நாள் முதல் சாப்பிட்ட தட்டை அவர் நகர்த்தி வைத்தது கூடக் கிடையாது. திடீரென்று ஒரு பழைய எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலேயே சாப்பிட்டு, தானே தேய்த்து, தனியாகக் கவிழ்த்தார். அப்புறம் துண்டு. கொல்லைப்புறத்தில் தனிக் கயிறு கட்டி அதில் காயப்போட்டார். படுக்கையும் போயிற்று. விடியறதுக்குள்ள லோடு இருக்குது, வண்டியிலியே படுத்துக்கிறேன் என்று தலையணையை எடுத்துக்கொண்டு போனார். எந்த லோடு, யாருக்கு என்று கேட்டால் எரிந்து விழுந்தார். என் மேல் என்ன கோபமோ என்று நினைத்தேன். வேறு ஏதாவது சகவாசமோ என்று கூட ஒரு நிமிஷம் மனசு போய்விட்டு வந்தது. பயந்தாங்கொள்ளிக்குப் பயப்பட இடம் கிடைத்தால் விடுவாளா?

மகளை நடத்தியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்வது அவளுக்குப் பழக்கம். அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஸ்டேடியத்துப் பக்கம் பிள்ளைகள் பந்து விளையாடுவதைக் காட்டிவிட்டு வருவார். ஒரு சாயங்காலம் அவர் குனிந்து செருப்பைக் கழற்றும்போது அவள் ஓடினாள். "அந்தாண்ட போ. கிட்ட வராத" என்று ஒரு அதட்டல் போட்டார். அவள் அப்படியே நின்றாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னொரு அடி வைத்தாள். "ஒரு தடவ சொன்னா தெரியாது? அந்தாண்ட போ." இந்த முறை கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினார்.

அவள் அழவில்லை. மெல்ல வந்து என் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"புள்ள மேல எதுக்கு இப்படி விழுறீங்க? அது இன்னா பண்ணுச்சு உங்கள?" என்று நான் சத்தம் போட்டேன். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த நாளும் அதே அதட்டல். அதற்கடுத்த நாள் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து உள்ளே போனாள். பிறகு அதட்ட வேண்டிய தேவையே அவருக்கு ஏற்படவில்லை.

நான் கழுத்தைக் காட்டச் சொல்வேன், அவர் சட்டைக் காலரை ஏற்றிவிட்டுக்கொள்வார். இப்படியே நாள் போயிற்று. ஒரு காலை அவர் வண்டியிலிருந்து இறங்கி வரவில்லை. காபியை எடுத்துக்கொண்டு போனேன். சீட்டில் சுருண்டு கிடந்தார். நெற்றியில் கை வைத்தால் அடுப்பில் வைத்தது போல இருந்தது. கண் சிவந்து, உதடு காய்ந்து, ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கினார். காபியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மகளை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். "ஆஸ்பத்திரி வேணாம்" என்று முனகினார். அக்காவும் ஆட்டோக்காரரும் சேர்ந்து ஏற்றினார்கள். ஏறியதும் அவர் என்னை விட்டு அந்தக் கோடிக்கு நகர்ந்து, ஆட்டோவின் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தொடாத."

"ஏன்? நான் இன்னா பண்ணேன்?"

"சொன்னா கேளு. தொடாத. இது அடைப்பான்."

நான் இத்தனை நாளாக அவர் காதில் விழாமல் பொத்தி வைத்திருந்த வார்த்தை, அவர் வாயிலிருந்து வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் கர்ச்சீப்பை எடுத்து மூக்கை மூடிக்கொண்டு வேகத்தைக் கூட்டினார்.

மூச்சு வாங்க வாங்க, இவர் விட்டு விட்டுச் சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவர்கள் வீட்டுப் பசு ஒன்று காலையில் நன்றாக மேய்ந்து, பொழுது சாய்வதற்குள் மூக்கில் இரத்தம் வடிந்து செத்துப்போனது. அதை உரித்த ஆளுக்கு மணிக்கட்டில் இதே மாதிரி கறுப்பாக வந்தது, வலிக்கவே இல்லை. ஊரில் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அந்த மனிதர் தன் பிள்ளைகளைக் கிட்டே விடாமல், மாட்டுக் கொட்டகையில் தனியாகப் படுத்திருந்தார். இதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை என்றார்களாம். அங்கேயே செத்துப்போனார்.

"புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவல" என்றார். "அவரு கிட்டயே விடல. அதனாலதான் ஆவல."

"எப்பத்திலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"நீ பாத்து சொன்னல்ல, அன்னிக்கே. வலிக்குதான்னு கேட்டியே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயப்படுவ."

"எனக்கும் அன்னிக்கே தெரியும்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஒரே வீட்டில், ஒரே வார்த்தையை ஆளுக்கொரு பக்கம் விழுங்கிக்கொண்டு, உப்புப் போதுமா, குழம்பு ஊற்றட்டுமா என்று பேசியிருக்கிறோம். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. பயப்படுகிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டிய ஆள், எனக்குத் தெரியாமல் என்னை விட அதிகமாகப் பயந்திருக்கிறார்.

எமர்ஜென்சியில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. காய்ச்சல் என்று சொன்னதும் வேறெதுவும் கேட்கவில்லை. இவர் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், சட்டையை இறக்கிப் பின்கழுத்தைப் பார்த்தார். பார்த்ததும் நர்ஸிடம் ஏதோ சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. கம்பளி, கழுவாதது, ஆட்டு ரோமம், ஐரோப்பாவில் ஆலை, அவர்கள் வீட்டுப் பசு, அடைப்பான் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டார்.

"அதுக்கும் டெஸ்ட் பண்ணிடலாம்மா. ஆனா இவரு புதர், புல்லு பக்கம் போனாரா?"

"போகல டாக்டர். சாக்கு மட்டும்தான் போட்டுக்குவாரு. தலையில."

"சாக்கு எங்க கிடந்தது?"

வேலியோரம் என்று சொல்லும்போதே எனக்கு அந்த இடுப்பு உயரப் புதர் கண்ணில் வந்தது. டாக்டரம்மா தலையை ஆட்டினார். மழைக்காலத்தில் ஈரப் புதரில் தூசி போல ஒரு பூச்சி இருக்கும், உண்ணி இனம். கடித்தது தெரியாது. கடித்த இடம் கருகும், வலிக்காது, அதனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்த மழையில் இதே கறுப்புப் புண்ணோடு எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள், உண்ணிக் காய்ச்சல் என்றார். அதற்குச் சாதாரண மாத்திரை போதும்.

உயிர் வந்தது எனக்கு. டாக்டரம்மா அடுத்த வாக்கியத்தைச் சொல்லும் வரைதான் இருந்தது.

"ஆனா நல்லா தள்ளிப் போட்டுட்டீங்கம்மா. நுரையீரல்ல எறங்கியிருக்குது. ஐ.சி.யூல வெக்கணும். ஏன் இத்தினி நாள் வீட்ல வெச்சிருந்தீங்க?"

நான் என்ன சொல்வது? கொழுப்புக் கம்பளி ஒரு பாவமும் செய்யவில்லை. பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு, வேறொன்றுக்கு இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பயந்து, அந்தப் பயத்திலேயே ஆளைக் கொல்லப் பார்த்திருக்கிறோம். சக்கரம் வைத்த கட்டிலில் அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது வாயில் மாஸ்க் போட்டிருந்தார்கள். அதை ஒரு கையால் கீழே இழுத்துவிட்டு டாக்டரம்மாவிடம் ஏதோ கேட்டார். சத்தம் வரவில்லை. டாக்டரம்மா குனிந்தார்.

"எம் புள்ளைக்கு ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க. இது ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு வராது. நீங்க நெனச்சீங்களே, அதுவும் அப்படி சும்மா தொட்டா ஒட்டுறது இல்ல. புண்ண மூடி வெச்சா போதும்."

"தூக்கலாமா?"

"தாராளமா தூக்கலாம். மொதல்ல நீங்க எழுந்திரிங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கதவு மூடியது.

அந்தக் கதவுக்கு வெளியே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்பேன். நர்ஸ் வேறு யார் பெயரையாவது கூப்பிட்டால், நமக்கில்லை என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காகவே வெட்கமாக இருக்கும், மறுபடி உட்காருவேன். மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டி வரலாம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போட்டேன். என் பெயரை எழுதத் தெரியாதவள் போல எழுதினேன். இதுவரை நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. உண்மையான பயத்தில் மனசு எங்கும் ஓடாது. சுவரில் இருந்த ஒரு ஈரக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் வைக்கும்படி ஆகவில்லை. மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது, சோதனையில் உண்ணிக் காய்ச்சல்தான் என்று வந்தது. அடைப்பான் இல்லை. முதலாளியம்மா வேலியோரத்துப் புதரை வெட்டிச் சாக்குகளைக் கொளுத்திவிட்டதாக போன் செய்தார். வேறு யாருக்கும் காய்ச்சல் இல்லை என்றார். அங்கிகள் கப்பல் ஏறிவிட்டனவாம். வார்டுக்கு மாற்றிய பிறகு அவர் என்னிடம் பேசியதெல்லாம் மகளைப் பற்றித்தான். சாப்பிட்டாளா, யார் தலை வாரினார்கள், என்னைக் கேட்டாளா. கேட்டாள் என்று சொன்னேன். பொய்தான். அக்கா வீட்டில் அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை என்பதை எப்படிச் சொல்வேன்?

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று மழை விட்டு வெயில் அடித்தது. ஆள் பாதியாகி, தாடி முளைத்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது. வழியெல்லாம் அவருக்கு ஒரே அவசரம். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தார். அவர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினார்.

"வாம்மா."

அவள் அவசரமாகப் பின்னால் நகர்ந்து, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். முகத்தில் அழுகை இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையின் முகம்.

"நான் கிட்ட வர்லப்பா" என்றாள். "அந்தாண்டதான் நிக்கிறேன்."

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு தரையில் உட்கார்ந்து, தெருவில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கூட நினைக்காமல் வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அப்பா அழுவதைப் பார்த்துப் பயந்துபோய், அவள் இன்னும் தள்ளிப் போனாள். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தேன். அவள் உடம்பு விறைத்திருந்தது. எந்த நேரமும் அதட்டல் வரும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.